வால் தூக்காத விமானம்

மசூது மாமாவின் செருப்பைப் பற்றித் தென்காசியே பேசிக்கொண்டிருந்தது. அவர் கையில் கொண்டுபோன விமானம் எங்கே என்று கேட்ட ஒரே ஆள் இசக்கிச்செல்வி அக்காதான்.

அக்கா முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் நிஜமா பொய்யா என்று பார்க்கும் வேலையில் இருந்தவர். தானாக எரிந்த கடைக்கும் எரியவைத்த கடைக்கும் வித்தியாசம் சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டார். இப்போது ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் ரிஃபாத். அவருக்கு உதவியாள், டிரைவர், டீ வாங்கி வருகிறவன். அக்காவுக்குக் கோபம் வந்து எதிரே யாரும் இல்லையென்றால் திட்டு வாங்கும் வேலையும் எனக்குத்தான்.

மசூது மாமா எனக்குச் சொந்தமில்லை, ஊர்முறைக்கு மாமா. துபாயில் பொம்மை விமானச் சாமான் விற்கும் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்ததும் வீட்டு மாடியில் ஒரு பட்டறை போட்டு, பால்சா மரத்தில் விமானம் செய்ய ஆரம்பித்தார். பால்சா பெயருக்குத்தான் மரம், கையில் வைத்தால் எடையே தெரியாது. அவர் விமானத்துக்கு எஞ்சின் கிடையாது, ரிமோட் கிடையாது. உயரத்தில் நின்று கையால் விட்டால் காற்றிலேயே மிதந்து போகும். போன வாரம் ஒரு காலையில் அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு இலஞ்சிக்கு மேற்கே குருவிப்பொத்தை என்ற மொட்டைப் பாறைக் குன்றில் ஏறினார். அங்கிருந்து விழுந்து மவுத்தாகிப் போனார்.

கால் இடறி விழுந்தார் என்று போலீஸ் முடித்துவிட்டது. ஊர் முடிக்கவில்லை. பாறைமேல் அவருடைய செருப்பு ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. "குதிக்கப் போறவன்தாம்லே செருப்பக் கழத்தி வைப்பான்" என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? துக்கம் கேட்க வந்தவர்கள் வழியாக அது அவர் மனைவி ஜைனப் மாமியின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

மாமி இத்தா இருந்தார். புருஷன் இறந்த பெண் அந்த மாதங்களில் வெளியே போகமாட்டார், வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். அதனால் அக்கா திரைக்கு உள்ளே மாமியோடு உட்கார்ந்தார், நான் திரைக்கு வெளியே கூடத்தில் உட்கார்ந்தேன். காதுக்கு மட்டும் திரை இல்லை.

"நடமாட முடிஞ்சா நானே அந்தப் பொத்தையில ஏறிப் பாத்துருவேன், செல்வியக்கா" என்றார் மாமி. "நீங்கதான் போய்ப் பாத்துச் சொல்லணும். அவிய தவறி விழுந்தாவளா, இல்ல..."

அந்த இன்னொரு வார்த்தையை அவரால் சொல்ல முடியவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

"முந்தின நாளு ஏதும் நடந்துச்சா?"

"சண்ட. நாந்தான் போட்டேன். துபாயில இருந்தப்ப போன்லயாவது பேசுவாவ. இங்கன வந்த பொறவு எந்நேரமும் மாடியிலயே கெடப்பாவ. கீழ சோத்துலயும் மரத்தூளு, பாயிலயும் மரத்தூளு. இத்தன வருசம் காத்துக் கெடந்தது இதுக்கான்னு கேட்டேன். கேட்டதோட விட்டேனா? மேல போயி மேசையில கெடந்தத எல்லாம் வாரிக் கொண்டாந்து கொல்லையில போட்டுத் தீய வச்சேன்."

"என்னென்ன?"

"பாத்தா எரிச்சேன்? மரச்சில்லு, பேப்பரு, ஒரு டப்பாவுல சுருட்டி வச்ச கயிறு. அந்தக் கயிறு மட்டும் மத்தாப்பு மாரி சீறிக்கிட்டு எரிஞ்சுது."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல. பாத்துக்கிட்டே நின்னாவ. ஏசியிருந்தாக்கூட தேவலைக்கா. மறுநாக் காலையில மூலையில தப்பிச்சுக் கெடந்த ஒத்தப் பிளேனத் தூக்கிக்கிட்டுப் போனாவ. வரவே இல்ல." திரை லேசாக அசைந்தது. "அவிய தானாப் போயிருந்தா, அனுப்பி வச்சது நாந்தான. அத மட்டும் எனக்குச் சொல்லிருங்க. எந்தப் பதிலா இருந்தாலும் தாங்கிக்கிடுதேன். தெரியாம இருக்கதத்தான் தாங்க முடியல. துஆ கேக்கக் கையத் தூக்குனா, என்னத்தக் கேக்கன்னே தெரியல."

எனக்கு வாய் சும்மா இருக்காது என்று ஊருக்கே தெரியும். அன்று அது திறப்பதற்குள் நான் மாடிப்படி ஏறிவிட்டேன்.

மாடிப் பட்டறையில் பாதி அழிந்து பாதி மிஞ்சியிருந்தது. மேசைமேல் ஒட்டிய வரைபடம் ஓரம் கிழிந்து கிடந்தது. அதன்மேல் இறக்கையின் எலும்புகள் நாலைந்து இன்னும் குண்டூசியில் நின்றன. மூலையெல்லாம் வெள்ளை மரத்தூள். நகப்பாலிஷ் போல ஒரு வார்னிஷ் வாடை. உத்தரத்தில் மாமி கை எட்டாத உயரத்தில் ஆறேழு விமானங்கள் நூலில் தொங்கின. பேப்பர் ஒட்டிய இறக்கைகள், ஊதினாலே அசைந்தன.

அக்கா ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றின் வாலையும் பார்த்தார்.

"ரிஃபாத், எல்லா வாலுலயும் கருகல் இருக்கு, பாத்தியா?"

"அனுமார் வம்சமா இருக்கும், அக்கா."

"வாய மூடிக்கிட்டு இதப் புடி."

வால்பக்கம் ஒரு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தது. பக்கத்தில் அலுமினியத்தில் செய்த பேனா ரீஃபில் மொத்தக் குழாய். அதற்குள் எரிந்து மிஞ்சிய கயிற்றுத் துண்டு. அக்கா ரப்பர் பேண்டைக் கழற்றினார். பட்டென்று வால் மேலே தூக்கிக்கொண்டது. நான் பின்னால் குதித்ததில் வரைபடத்தில் இருந்த இரண்டு குண்டூசி என் உள்ளங்கையில் ஏறிவிட்டது.

"பயந்தாங்கொள்ளி. இங்க பாரு. இந்தப் பிளேன விட்டா காத்து தூக்கிக்கிட்டுக் கண்காணாமப் போயிரும். ரிமோட் இல்ல, கூப்பிட்டா வராது. அதுக்குத்தான் இந்தத் திரி. பத்த வச்சு விடுதாரு. திரி மெதுவா எரிஞ்சு ரப்பரப் பொசுக்கும். வால் தூக்கும். வால் தூக்குனா அதால பறக்க முடியாது, பொத்துன்னு இறங்கிரும். போய் எடுத்துக்கலாம்."

"அப்ப கொல்லையில சீறிக்கிட்டு எரிஞ்ச கயிறு?"

"இந்தத் திரிதான். வெடியுப்புல ஊற வச்சு காயப்போட்டிருப்பாரு. குழாய்க்குள்ள இருந்தா மழத் தூத்தல்லகூட அணையாது." அக்கா ஸ்டூலில் இருந்து இறங்கினார். முகத்தில் ஒரு வேகம் வந்திருந்தது. "செருப்ப விடு. இந்த ஊர்ல பாசி புடிச்ச பாறையில செருப்போட ஏறுனவன் எவனும் முழுசா இறங்குனதில்ல. அது ஒண்ணையும் சொல்லாது. அந்தப் பிளேனு சொல்லும்லே. திரி வச்சு விட்டிருந்தா, அத எடுக்க வர நெனச்சவரு. எடுக்க வர நெனச்சவன் எதுக்குக் குதிக்கான்?"

"திரி வைக்காம விட்டிருந்தா?"

அக்கா ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தார்.

குருவிப்பொத்தைக்கு நாங்கள் போனபோது சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மேலே நின்றால் ஒரு பக்கம் குற்றாலத்து மலை மேகத்துக்குள் கிடக்கிறது, மறு பக்கம் வயல். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. அக்கா கைக்குட்டையை உதறிக் காற்றின் போக்கைப் பார்த்தார். நேர் கிழக்கு. கீழே வயல்காட்டில்தான் தேட வேண்டும்.

அங்கே இருந்த டீக்கடையில் நான் பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பேன். "அண்ணாச்சி, பொம்மை ஏரோப்ளேன் ஒண்ணு பாத்தியளா?" எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

"கேக்கத் தெரியாதவன்" என்ற அக்கா, கடை முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இந்தப் பக்கம் டிரோன் எதுவும் வந்து விழுந்துச்சா?"

கடை கப்பென்று அடங்கியது. புது ரோட்டுக்கு நிலம் அளக்க டிரோன் வருகிறது என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. டம்ளர்களுக்குள் முகங்கள் போயின. ஒரு பெண் மட்டும் வாங்கிய வடையை வாயில் வைக்காமலே எழுந்து வரப்பில் விறுவிறுவென்று நடந்தார்.

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்றார் அக்கா. "நட."

முத்துலட்சுமி என்ற அந்தப் பெண்ணை அவருடைய மோட்டார் ரூம் வாசலில் பிடித்தோம். கதவுக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாது. ட்ரோனும் தெரியாது, கீனும் தெரியாது."

"நாங்க சர்வே ஆளுங்க இல்ல, மதினி" என்றார் அக்கா. "அளக்க வந்த டிரோனா இருந்தா அதுல கேமரா இருக்கும். போலீஸ் தேடும். அதான் கேக்கேன்."

"கேமராவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் மரமும் பேப்பருமாத்தான்..."

முத்துலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரிக்காமல் இருக்க வயலைப் பார்த்தேன்.

விமானம் உரமூட்டைகளுக்குப் பின்னால், சேலைத்துணி போர்த்திப் படுத்திருந்தது. ஒரு இறக்கையில் மட்டும் கிழிசல். முத்துலட்சுமி இப்போது தானாகவே பேசினார்.

"நாத்துப் பறிச்சுக்கிட்டு இருந்தேம்மா. தூத்தல் போட ஆரம்பிச்சுது. அண்ணாந்து பாத்தா பருந்து மாரி வருது. சத்தமே இல்ல. தலைக்கு மேல ரெண்டு சுத்துச் சுத்திட்டு, நல்ல பிள்ள மாரி வரப்புல வந்து இறங்குச்சு. நான் பயந்துபோயி உள்ள கொண்டாந்து போட்டுட்டேன். யாரு வீட்டுப் பிள்ளையோடது?"

"பெரிய ஆளுதான், மதினி" என்றேன். "மவுத்தாயிட்டாவ."

"அந்தப் பொத்தையில விழுந்தவரா?" அவர் சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனார். "ஐயோ. நான் இத ஒளிச்சு வச்சேனே."

அக்கா விமானத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். வால் படுத்தபடியே இருந்தது. தூக்கவில்லை. ரப்பர் பேண்டு அறுபடாமல் மாட்டியது மாட்டியபடி இருந்தது. அலுமினியக் குழாயைத் திருப்பி உள்ளே பார்த்தார். காலி. சுத்தமான காலி.

திரி வைக்காமல் விட்டிருக்கிறார். போனால் போகட்டும், திரும்பி வரவேண்டாம் என்று விட்டிருக்கிறார். அப்படியானால் அடுத்து அவர் எடுத்த அடி என்ன என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

"அக்கா" என்றேன். "மாமிகிட்ட பிளேன் கெடைக்கலன்னு சொல்லிருவமா?"

"நான் பொய் சொல்ல மாட்டேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அதான் நான் சொல்லுதேன்."

அக்கா விமானத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அவர் அப்படித் திரும்பி நின்று நான் பார்த்ததில்லை. நான் அந்தக் கனமே இல்லாத சாமானை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வார்னிஷும் உரமும் கலந்த வாடைக்கு நடுவே, மெல்லிசாக.

"அக்கா, வாலு மணக்குது."

"என்னலே?"

"சந்தன மணம். சும்மா சொல்லல, மோந்து பாருங்க."

அக்கா பாய்ந்து வந்தார். ரப்பர் பேண்டுக்கு அடியில், வாலோடு வாலாகப் பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு செருகியிருந்தது. விமானத்தின் குச்சிகளில் ஒன்று என்று இருவருமே நினைத்துவிட்டோம். அது ஊதுபத்தி. ஒரு முனை கருகியிருந்தது. கருகல் ரப்பர் பேண்டைத் தொட இன்னும் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது.

"பத்த வச்சிருக்காரு" என்றார் அக்கா. கருகலை விரலால் தொட்டுப் பார்த்தார். "திரி இல்லன்னதும், குழாய்க்குள்ள நுழையாத பத்திய வெளியச் செருகிப் பத்த வச்சிருக்காரு. விட்ட பொறவு தூத்தல் போட்டிருக்கு. முத்துலட்சுமி சொன்னாவளே, அதே தூத்தல். பத்தி நனைஞ்சு அணைஞ்சுட்டு. வால் தூக்கல. மேலயே போய்க்கிட்டு இருந்திருக்கு. பொத்தை மேல அவரு இப்பத் தூக்கும், இப்பத் தூக்கும்னு வானத்தப் பாத்துக்கிட்டே அது பின்னால ஓடியிருக்காரு. பாறைய யாரு பாத்தா?"

"அப்ப குதிக்கல."

"குதிக்கல."

நான் அந்த வரப்பிலேயே ஒரு குதி குதித்தேன். "ஜெயிச்சிட்டோம்க்கா! அந்தச் செருப்புக் கத சொன்னவன் வாயில இந்த ஊதுபத்தியையே கொளுத்தி வைக்கேன் பாருங்க! வாங்க, மாமி காத்துக்கிட்டு இருப்பாவ."

அக்கா அசையவில்லை. பத்தித் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்க்கா?"

"பத்தி ஏன்லே வச்சாரு?"

"திரி இல்ல, அதான்."

"திரி ஏன் இல்ல?"

நான் வாயைத் திறந்தேன். கொல்லையில் மத்தாப்பு போலச் சீறிக்கொண்டு எரிந்தது என்ன என்று எனக்கு ஞாபகம் வந்தது. தூறலில் அணையாத திரி. திறந்த வாயை மூடிக்கொண்டேன். விமானத்தைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன்.

தென்காசிக்குத் திரும்பும் வழியில் அக்கா ஒன்றே ஒன்று சொன்னார். "பாதிதான் சொல்லப் போறேன்." நான் தலையாட்டினேன்.

விமானத்தைத் திரைக்கு அடியில் தள்ளினேன். உள்ளிருந்து இரண்டு கைகள் அதை வாங்கிக்கொண்டன. அக்கா உள்ளே போய் மாமிக்கு எதிரே உட்கார்ந்து, ஊதுபத்தியைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். வால், ரப்பர், திரி, தூறல், வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடிய கால்.

"அவரு சாகப் போகல, ஜைனப். திரும்பி வரணும்னு நெனைக்கிறவருதான் நெருப்பு வச்சு விடுவாரு. உம்மேல கோவப்பட்டு எங்கயும் போகல. பிளேன எடுத்துக்கிட்டுப் பசியாற வந்திருப்பாரு."

மாமி அழுதார். சத்தம் போட்டு, மூச்சு முட்ட, அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டே அழுதார். கூடத்தில் நானும் அழுதேன், வெட்கமில்லாமல். இத்தனை நாளாக அந்த வீட்டில் யாரும் முழுசாக அழவில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது.

அழுகை மெல்ல அடங்கியது. மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"எந்தத் திரி, செல்வியக்கா?"

"அவரு எப்பவும் வைக்கிற திரிதான்."

அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகவே சொன்னார். ஆனால் விமானம் மாமியிடம்தான் இருந்தது, வாலில் செருகிய பத்தியோடு.

"அத நான் எரிச்சுட்டனே."

"பையில ஒரு துண்டு வச்சிருந்திருப்பாரு."

"இல்லக்கா. அன்னைக்கு விடியக்கால சுபுஹு தொழுதுட்டு வந்து, ஒரு ஊதுபத்தி இருந்தா குடும்மான்னாவ. மவுத்தான அவிய உம்மாவுக்கு ஓதப் போறாவன்னு நெனச்சேன். சண்ட போட்ட மறுநாளு, மூஞ்சியப் பாப்பனா? பாக்காமலே நீட்டுனேன்." மாமியின் குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. "இது நனைஞ்சா அணைஞ்சுருமா?"

அக்கா பாயில் நகர்ந்து உட்கார்ந்தது கேட்டது.

"சொல்லுங்க. எந்தப் பதிலா இருந்தாலும் சரின்னு நாந்தான சொன்னேன்."

"அணைஞ்சுரும்" என்றார் அக்கா.

"அந்தத் திரி?"

"...அணையாது."

பிறகு மாமி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரிஃபாத்து. அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு எல்லாரும் வருவாவ. நீ போய்ச் சொல்லுதியா? மாமா குதிக்கல, தவறித்தான் விழுந்தாவன்னு. எல்லாரும் கேக்க மாரிச் சொல்லணும்."

"சொல்லுதேன் மாமி."

"ஜைனப்" என்றார் அக்கா. "தூத்தல் வரும்னு யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியல. இதுல உங்கிட்ட..."

"வேண்டாம்க்கா. அவிய எங்கிட்ட வரத்தான் பாத்தாவ. நீங்க அதக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டிய, அல்லாஹ் உங்கள நல்லா வைப்பான். மத்தது எனக்கும் அவியளுக்கும் உள்ளது. நாங்க பேசிக்கிடுதோம். நீங்க போங்க."

அக்கா திரையை விலக்கி வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, உள்ளே மாமி மெதுவான குரலில் யாரிடமோ பேச ஆரம்பித்திருந்தார்.